சித்திரை முதல் நாள், 12.13க்கு வாசலுக்கு வாருங்கள்

இராமநாதபுரம், இராமேசுவரம் கரையோர மக்களுக்கு, வானம் பார்க்கும் பைத்தியம் பிடித்த உள்ளூர்க்காரர்கள் சிலர் வைக்கும் வேண்டுகோள் இது.

உச்சி வெயில் என்று தினமும்தான் சொல்கிறோம். ஆனால் சூரியன் நம் உச்சந்தலைக்கு நேர் மேலே வருவது ஆண்டுக்கு இரண்டே நாள். மற்ற நாட்களில் நண்பகலிலும் அது தெற்கிலோ வடக்கிலோ சற்றுச் சாய்ந்தே நிற்கும். அந்த இரண்டில் ஒன்று நம் கரைக்கு ஏப்ரல் 14ஐ ஒட்டி, சித்திரை முதல் நாளில் வருகிறது. மற்றது ஆகஸ்ட் 29 வாக்கில். சித்திரை முதல் நாளன்று இராமேசுவரத்தில் 12.13க்கும் இராமநாதபுரத்தில் 12.15க்கும் நேராக நிற்கும் எதன் நிழலும் அதன் அடியிலேயே ஒடுங்கிவிடும்.

விருந்துக்கு இலை போடுமுன் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வாசலுக்கோ மொட்டை மாடிக்கோ வாருங்கள். சமமான தரையில் ஒரு மீட்டர் நீளக் கோலை நிறுத்துங்கள். பக்கத்தில் கொத்தனார் இருந்தால் ரசமட்டமும் தூக்குக்குண்டும் இரவல் கேளுங்கள்; கோல் கொஞ்சம் சாய்ந்தாலும் எல்லாம் கெட்டுவிடும். 12 மணியிலிருந்தே நிழலின் நுனியைச் சாக்கட்டியால் குறித்து வாருங்கள். தரையைப் பார்த்தால் போதும், சூரியனை அண்ணாந்து பார்க்கவே வேண்டாம். ஏப்ரல் 15இல் மீன்பிடித் தடைக்காலம் தொடங்குவதால் விசைப்படகுக்கார அண்ணன்மார் பலர் அன்று கரையில்தான் இருப்பீர்கள். படகின் கம்பம் அலையில் ஆடும். ஜெட்டி விளக்குக் கம்பத்தைப் பாருங்கள்.

சென்னையில் சொந்தக்காரர் இல்லாத வீடு நம் பக்கம் அரிது. அவர்களுக்கும் போன் போடுங்கள். அன்று 12.09க்கு அங்கே அதே அளவு கோலுக்கு வடக்கே ஆறரை சென்டிமீட்டர் நிழல் விழும். சூரியன் அங்கே 3.8 பாகை சாய்ந்திருக்கிறது என்று பொருள். தெற்கு வடக்காக நமக்கும் அவர்களுக்கும் இடையே சுமார் 420 கிலோமீட்டர். 3.8 பாகைக்கு 420 என்றால் 360 பாகைக்கு எவ்வளவு? பிள்ளைகளையே போடச் சொல்லுங்கள். 40,000க்குப் பக்கத்தில் வரும். பூமியின் சுற்றளவு அதுதான். சுமார் 2,200 ஆண்டுகளுக்கு முன் எகிப்தில் எரட்டோஸ்தனிஸ் என்ற அறிஞர் போட்ட கணக்கு இது.

புத்தாண்டும் நிழலில்லா நாளும் இங்கே சேர்ந்தது தற்செயல். சூரியன் மேஷத்தில் நுழையும் நாள் நமக்குப் புத்தாண்டு. பூமியின் அச்சு, தள்ளாடும் பம்பரம்போல 26,000 ஆண்டுக்கு ஒரு சுற்றுச் சுற்றுவதால், அந்த நாள் ஏறத்தாழ 72 ஆண்டுக்கு ஒரு நாள் வீதம் தள்ளிப்போகிறது. சுமார் 1,700 ஆண்டுகளுக்கு முன் அது மார்ச் மாதச் சமஇரவு நாளை ஒட்டி வந்தது. அன்றைய சூரியன் பூமத்திய ரேகைக்கு மேலே. இப்போது நம் தலைக்கு மேலே. நம் பேரப்பிள்ளைகள் கிழவர்களாகும்போது யாழ்ப்பாணத்துக்கு நகர்ந்திருக்கும்.

2010 ஜனவரி 15, தை அமாவாசையன்று, பத்து நிமிடத்துக்கு மேல் நீடித்த வளையச் சூரிய கிரகணத்தைப் பார்க்க எங்கிருந்தெல்லாமோ தனுஷ்கோடிக்கு வந்தார்கள். நம் தெருக்களிலோ பல வீட்டுக் கதவுகள் சாத்தியே கிடந்தன. அந்த வருத்தம் எங்களுக்கு இன்னும் உண்டு. நல்லவேளை, நிழலில்லா நாளுக்குத் தோஷம் எதையும் யாரும் கண்டுபிடிக்கவில்லை.

மேகம் மறைத்தால் முந்தின நாளோ மறுநாளோ பாருங்கள். ஒரு மீட்டர் கோலுக்கு நிழல் அப்போதும் ஒரு சென்டிமீட்டரைத் தாண்டாது.