ஆற்றங்கரைப் பிள்ளைகளுக்குப் பள்ளியிலேயே நீச்சல் கற்றுக்கொடுங்கள்

ஐஸ்லாந்தின் தலைநகர் ரெய்க்யாவிக்குக்குச் சுற்றுலா போகிறவர்கள் ‘புளூ லகூன்’ வெந்நீர்க் குளத்தைப் பார்க்காமல் திரும்புவதில்லை. ஸ்வார்ட்செங்கி புவிவெப்ப மின்நிலையம் வெளியேற்றிய நீரில் உருவான குளம் அது. உள்ளூர்க்காரர்கள் அன்றாடம் போவதோ நகராட்சி நீச்சல்குளங்களுக்கு. பனி கொட்டும் மாதங்களிலும் குழந்தைகள் நீந்துகிறார்கள். பக்கத்துத் தொட்டியில் பெரியவர்கள் கழுத்தளவு வெந்நீரில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசுகிறார்கள்.

அந்த நகரில் முன்பு பெண்கள் துணி துவைத்த வெந்நீர் ஊற்றுப் பகுதியிலிருந்து, 1930-ல் சுமார் 3 கிலோமீட்டருக்குக் குழாய் பதித்து ஒரு பள்ளிக்கூடத்துக்கு வெந்நீர் கொண்டுபோனார்கள். இன்று அந்நாட்டில் பத்தில் ஒன்பது வீடுகளுக்குப் பூமிச் சூட்டில்தான் கதகதப்பு. ஆனால் அங்கே நீச்சல் பரவியதற்கு வெந்நீர் மட்டும் காரணமல்ல. கரைக்குச் சற்றுத் தொலைவிலேயே படகு கவிழ்ந்து, நீந்தத் தெரியாமல் மாண்ட மீனவர்கள் அங்கே ஏராளம். அந்தத் துயரம்தான் 1940களில் நீச்சலைப் பள்ளியில் கட்டாயப் பாடமாக்கியது.

காவிரிப் படுகைக்கும் இந்தத் துயரம் புதிதல்ல.

திருவிடைமருதூரின் தைப்பூச நீராடலைத் தேவாரமே பாடியிருக்கிறது. ஆறும் வாய்க்காலும் குளமும் சூழ்ந்த இவ்வட்டாரத்தில், மாமனோ அண்ணனோ இடுப்பைப் பிடித்துப் பிள்ளைகளுக்கு நீச்சல் பழக்கிய காலம் இருந்தது. வீட்டுக்குள் குளியலறை வந்தபின் படித்துறையில் ஆள் குறைந்துவிட்டது. மணல் அள்ளிய பள்ளங்களோ ஆற்றுக்குள் அப்படியே கிடக்கின்றன. முழங்கால் ஆழம் என்று நம்பி இறங்கும் பிள்ளை அடுத்த எட்டில் ஆளை விழுங்கும் ஆழத்துக்குப் போய்விடுகிறது. இந்தியாவில் ஆண்டுதோறும் நீரில் மூழ்கி இறப்பவர்கள் 30,000 பேருக்கும் மேல். ‘குளிக்கத் தடை’ என்ற பலகையை நட்டுவிட்டு நிர்வாகம் ஒதுங்கிக்கொள்வது நியாயமில்லை.

ஐஸ்லாந்துக்கு வெந்நீர் தேவைப்பட்டது. இங்கே அந்தச் செலவை வெயிலே மிச்சப்படுத்திவிடுகிறது. ஒவ்வொரு ஒன்றியத்திலும் ஒரு ஊராட்சிக் குளத்தைத் தூர்வாரி, ஆழத்தை அளந்து, படிக்கட்டைச் சீர்செய்து, ஆழமில்லாத பகுதியைக் கயிறு கட்டிப் பிரித்தால் பயிற்சிக்கு இடம் தயார். ஊரில் நன்றாக நீந்தத் தெரிந்தவர்களுக்கு உயிர்காப்புப் பயிற்சியும் சம்பளமும் கொடுத்துப் பயிற்றுநராக்கலாம். பெண்பிள்ளைகளுக்குத் தனி நேரமும் பெண் பயிற்றுநரும் வேண்டும். இல்லாவிட்டால் பாதிப் பிள்ளைகள் கரையிலேயே நின்றுவிடுவார்கள்.

மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்கும் நாள் ஜூன் 12. பள்ளிகள் திறப்பதும் ஜூன் மாதத்தில்தான். டெல்டா மாவட்டங்களில் ஐந்தாம் வகுப்பை முடிக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் 25 மீட்டராவது நீந்தத் தெரிந்திருக்க வேண்டும் என்று பள்ளிக் கல்வித் துறை ஆணையிட்டு, வரும் கல்வியாண்டிலேயே உடற்கல்வி வகுப்பில் இதைத் தொடங்க வேண்டும்.