நம் ஊர், நம் பொறுப்பு



வத்திராயிருப்பை அடுத்த வ. புதுப்பட்டி, மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்துப் பேரூராட்சி. மலையில் பெய்யும் மழையே இவ்வட்டாரக் கண்மாய்களுக்கும் கிணறுகளுக்கும் உயிர். அந்நீரைப் பேரப்பிள்ளைகளுக்கும் மிச்சம் வைத்து வாழ்வதுதான் நீடித்த வளர்ச்சி.

இது டில்லியும் சென்னையும் பார்த்துக்கொள்ள வேண்டிய காரியம் என்று இருந்துவிடலாமா? 1992-இல் ரியோ நகரில் கூடிய உலக நாடுகள், உள்ளாட்சிகளின் பங்கேற்பின்றி இது நிறைவேறாது என்பதை ஏற்றுக்கொண்டன. அதே ஆண்டு நிறைவேறிய நமது 74-ஆவது அரசியல் சட்டத் திருத்தமும், குடிநீர், துப்புரவு, சுற்றுச்சூழல் பாதுகாப்பு உள்ளிட்ட 18 பணிகளை நகர உள்ளாட்சிகளுக்கு உரியவையாக வகுத்தது.

மனமிருந்தால் சிற்றூராலும் சாதிக்க முடியும். மேட்டுப்பாளையத்தை அடுத்த ஓடந்துறை ஊராட்சிக்குக் குடிநீர் மோட்டார்களின் மின்கட்டணம் பெரும் சுமையாயிற்று. 2006-இல் அது தன் சேமிப்போடு வங்கிக் கடனும் பெற்று, 350 கிலோவாட் காற்றாலை நிறுவியது. தேவைக்கு மிஞ்சிய மின்சாரத்தை மின்வாரியத்திற்கு விற்றது.

எல்லா ஊருக்கும் காற்றாலை வேண்டியதில்லை. 2003-இல் சட்டம் கட்டாயமாக்கிய மழைநீர்த் தொட்டி நம் வீட்டில் தூர்ந்து கிடக்கிறதா? நாம் கொட்டும் பிளாஸ்டிக் குப்பை ஓடையில் போய் அடைகிறதா? முதலில் இவற்றைச் சீர்செய்வோம். பின்னர் வார்டு உறுப்பினரிடம் கண்மாயின் நிலையையும் குப்பைக் கிடங்கின் நிலையையும் கேட்போம்.

சகோதரிகளே, 2016-இல் வந்த சட்டப்படி உள்ளாட்சி இடங்களில் பாதி உங்களுக்குரியது. குடத்தின் பாரம் அறிந்த நீங்கள் கேட்டால், மன்றம் செவிசாய்த்தே ஆகவேண்டும்.