துடைப்பம் யார் கையில்?

தொண்டு என்னும் சொல்லைக் கேட்டதும் உள்ளம் உருகுவோர் இந்நாட்டில் ஏராளம். நமக்கோ, உள்ளம் உருகுவதற்கு முன்னே மூன்று கேள்விகள் எழுகின்றன. செய்பவர் யார்? பெறுபவர் யார்? எதற்காக அந்தத் தொண்டு?

இந்த ஐயப்பாடு காரணமின்றி எழவில்லை, தோழர்களே! மனுவின் நூல் சூத்திரனுக்கு விதித்த ஒரே கடமை என்ன? மேலே உள்ள மூன்று வருணத்தாருக்கும் முணுமுணுக்காமல் பணி செய்து கிடப்பது. அதற்கும் தொண்டு என்றுதான் பெயர் சூட்டினர்! காலமெல்லாம் தொண்டு செய்தவனுக்குக் கிடைத்தது இழிபெயர்; ஆண்டுக்கு ஒரு நாள் அன்னதானம் செய்தவனுக்குக் கிடைத்ததோ கல்வெட்டு! சாக்கடையில் இறங்கியவன் தீண்டத்தகாதவன். சாக்கடை நாறுகிறதென்று மூக்கைப் பொத்தியவன் மேலோன்! இப்படிப்பட்ட நாட்டில், பள்ளி மாணவரிடம் சென்று 'தொண்டு செய்யுங்கள்' என்று சொல்லிவிட்டு வந்தால் மட்டும் போதுமா? எத்தகைய தொண்டு என்பதையும் சேர்த்துச் சொல்லியாக வேண்டும். பள்ளியிலே பாடம் சொல்லும் பணியை மேற்கொண்டுள்ள நம்போன்ற இளையோர்க்கு அந்தப் பொறுப்பு இருமடங்காகிறது.

திட்டங்களுக்குப் பஞ்சமில்லை. 1964 முதல் 1966 வரை ஆய்ந்த கோத்தாரி கல்விக் குழு, கல்வியின் எல்லா நிலைகளிலும் சமூகப் பணி இடம்பெற வேண்டும் என்றது. 1969-ஆம் ஆண்டு செப்டம்பர் 24-ஆம் நாள், 37 பல்கலைக்கழகங்களில், 40,000 மாணவர்களோடு நாட்டு நலப்பணித் திட்டம் தொடங்கப்பட்டது. பின்னர் அது மேனிலைப் பள்ளிகளுக்கும் வந்தது. ஆண்டுக்கு 120 மணி நேரப் பணி, ஏழு நாள் சிறப்பு முகாம் என்பது அதன் ஏற்பாடு. சாரணர் இயக்கம் இருக்கிறது. இளஞ்செஞ்சிலுவைச் சங்கம் இருக்கிறது. நோக்கத்தில் குற்றம் காண நாம் வரவில்லை. அந்த 120 மணி நேரம் எவ்வாறு செலவாகிறது என்று கணக்குக் கேட்கவே வந்திருக்கிறோம்.

பல ஊர்களில் நாம் காணும் காட்சி இது. முகாமுக்குத் தொடக்க விழா. வாயிலிலே பன்னீர்ச் செம்பு ஏந்தி நிற்கப் பெண்பிள்ளைகள். பெஞ்சு தூக்க ஆண்பிள்ளைகள். விருந்தினர் மரக்கன்று நடுகிறார். சென்ற ஆண்டு நட்ட அதே குழியில்! சென்ற ஆண்டுக் கன்று என்னவாயிற்று என்று கேட்பாரில்லை. அடுத்த நாள் கோயில் பிராகாரத்திலே புல் செதுக்குகிறார்கள். அதற்கடுத்த நாள் பதாகை ஏந்திய பேரணி. கடைத்தெரு வழியே போய், கடைத்தெரு வழியே திரும்புகிறது. ஏழாம் நாள் சான்றிதழ். முடிந்தது முகாம்! ஊருக்குள் ஏழு நாள் நடந்த அந்தத் தொண்டு, ஊருக்கு வெளியே ஒதுக்கப்பட்ட குடியிருப்புக்கு ஏழு நிமிடம் நடந்து போயிற்றா? பிராகாரத்துப் புல் கண்ணில் பட்டது. காலனியிலே நீர் வராத குழாய் கண்ணில் படவில்லை. கல்லுக்குத் தொண்டு செய்யக் கற்றுத் தந்தோம். மனிதனுக்குத் தொண்டு செய்யும்போது மட்டும் தெருவைப் பார்த்துச் செய்யச் சொல்லாமல் சொன்னோம்.

இனித் துடைப்பத்துக்கு வருவோம். வகுப்பறையைப் பெருக்க வேண்டும்; குடிநீர்ப் பானையை நிரப்ப வேண்டும். யாருடைய பெயர் நம் நாவிலே முதலில் வருகிறது? 2022-ஆம் ஆண்டு ஈரோடு மாவட்டத்தில், தொடக்கப்பள்ளி ஒன்றில், ஒடுக்கப்பட்ட சமூகத்துப் பிள்ளைகளைக் கழிவறை கழுவ வைத்தார் என்ற புகாரின்பேரில் தலைமையாசிரியை ஒருவர் கைது செய்யப்பட்டார். அது வெளியே வந்தது, வழக்காயிற்று. வெளியே வராதவை எத்தனையோ! எந்தத் தெருப் பிள்ளையின் கையில் துடைப்பம் அடிக்கடி ஏறுகிறது என்பதை, ஆசிரியர் ஒவ்வொருவரும் வருகைப் பதிவேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு தம் நெஞ்சைக் கேட்டுப் பார்க்கட்டும்.

2023-ஆம் ஆண்டு இன்னொன்றையும் கண்டோம். பள்ளிப் பிள்ளைகளுக்கான காலை உணவை ஒடுக்கப்பட்ட சமூகத்துப் பெண் சமைக்கிறார் என்பதற்காக, அதை உண்ணக் கூடாதென்று தம் பிள்ளைகளைத் தடுத்தனர் கரூர் மாவட்டத்திலே சில பெற்றோர். மாவட்ட ஆட்சியரே தலையிட வேண்டியதாயிற்று. பாருங்கள் விந்தையை! பெருக்குவதற்கு அந்தக் கை வேண்டும். பரிமாறுவதற்கு அந்தக் கை ஆகாது! குப்பையைத் தொடலாம், குழம்பைத் தொடக் கூடாது! பாடநூலின் முன்பக்கத்திலே 'தீண்டாமை ஒரு பாவச்செயல்' என்று அச்சிட்டுக் கொடுத்தோம். அந்த வரியை மனப்பாடம் செய்த பிள்ளையைப் பெற்றோரே பந்தியிலிருந்து எழுப்பிப் போனார்கள்.

2015-ஆம் ஆண்டின் இறுதியில் சென்னையை வெள்ளம் சூழ்ந்தபோது, மாணவரும் இளைஞரும் இடுப்பளவு நீரில் இறங்கினர். உணவுப் பொட்டலம் சுமந்தனர். முதியோரைத் தோளில் ஏற்றிக் கரை சேர்த்தனர். அந்த உள்ளங்களை எத்தனை முறை போற்றினாலும் தகும். ஆனால் வெள்ளம் வடிந்தது. தெருவெல்லாம் மலைமலையாகக் குப்பை எழுந்தது. அதை அள்ள வந்தவர் யார்? பிற மாவட்டங்களிலிருந்து வண்டியேற்றி வரவழைக்கப்பட்ட துப்புரவுப் பணியாளர்கள்! பொட்டலம் கொடுப்பது தொண்டு. குப்பை அள்ளுவது மட்டும் 'அவர்கள் தொழில்'! இந்தக் கோடு யார் போட்ட கோடு? 2020-ஆம் ஆண்டில் துப்புரவுப் பணியாளர் என்ற பெயர் தூய்மைப் பணியாளர் என மாற்றப்பட்டது. பெயர் மாறியது நன்று. துடைப்பம் பிடிக்கும் கை மாறிற்றா? மனிதக் கழிவை மனிதன் அள்ளுவதைத் தடுக்க 1993-இல் ஒரு சட்டம் வந்தது; 2013-இல் மற்றொன்று வந்தது. சாக்கடைக் குழியில் மடிந்தவரின் குடும்பத்துக்கு 10 இலட்சம் ரூபாய் தர வேண்டுமென 2014-இல் உச்ச நீதிமன்றம் கூறிற்று. 2023-இல் அதையே 30 இலட்சமாக உயர்த்திற்று. இழப்பீடு உயர்ந்தது, குழியில் விழும் பிணம் நிற்கவில்லை.

'பள்ளிப் பிள்ளைகளைப் பற்றிப் பேசும்போது இத்தனைக் கடுமை ஏன்?' என்று கேட்கும் நல்லவர்களும் உண்டு. கடுமை நாம் கொண்டுவந்து சேர்த்தது அன்று, நண்பர்களே! 2023 ஆகஸ்டு மாதம், நெல்லை மாவட்டம் நாங்குநேரியில், ஒடுக்கப்பட்ட சமூகத்து மாணவர் ஒருவரின் வீடு புகுந்து, அவரையும் அவரைக் காக்க வந்த தங்கையையும் அரிவாளால் வெட்டினார்கள். வெட்டியவர்கள் யார்? அதே பள்ளியிலே பயின்ற மாணவர்கள்! ஏடு பிடிக்க வேண்டிய கை அரிவாள் பிடித்தது. பள்ளி அவர்களுக்குக் கணக்கு கற்றுத் தந்தது. அறிவியல் கற்றுத் தந்தது. சக மாணவனுக்குச் சம மாணவனாக இருக்க மட்டும் கற்றுத் தரவில்லை.

அந்தக் கொடுமைக்குப் பின் அமைக்கப்பட்ட, ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு அவர்களின் ஒருநபர் குழு, 2024 ஜூன் மாதம் தன் அறிக்கையை அரசிடம் அளித்தது. அதன் பரிந்துரைகளுள் ஒன்று, எல்லாச் சமூகத்து மாணவர்களையும் கொண்ட சமூகநீதி மாணவர் படை அமைப்பது. படை என்ற சொல்லைக் கேட்டு மிரளுவோர்க்குச் சொல்வோம்: கையில் சாதிக்கொரு நிறக் கயிறு கட்டிக்கொண்டு திரியும் கூட்டங்கள் ஏற்கெனவே படைகள்தாம். அந்தப் படைகளைக் கலைக்க அறிவுரை மட்டும் போதாது. ஒரே வேலையில் தோளோடு தோள் நின்று வியர்வை சிந்தும் பழக்கம் வேண்டும். ஒரே மண்வெட்டியை மாறி மாறிப் பிடித்தவன், ஒரே குவளையில் நீர் குடித்தவன், நள்ளிரவிலே கதவை உடைத்து வருவதற்கு முன் ஒரு கணமேனும் தயங்குவான். அந்த ஒரு கணத்தை உண்டாக்குவதே பள்ளித் தொண்டின் முதல் பயன்.

இனி மறுப்புரைகள். 'மதிப்பெண் குறைந்துவிடும்' என்பது முதலாவது. 1991-இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் எழுந்தது. ஊதியம் பெறாத தொண்டர்கள் ஊர் ஊராகச் சென்று எழுத்து கற்பித்தனர். கைநாட்டு வைத்த பெண்கள் கையெழுத்திட்டனர், அதோடு நின்றார்களா? பல்லாயிரம் பெண்கள் மிதிவண்டி ஓட்டக் கற்று, நீர் எடுக்கவும் வேலைக்குச் செல்லவும் யார் தயவுமின்றிச் சாலையில் பறந்தனர். எழுத்து கற்பித்தவன் அறிவில் தேய்ந்தான் என்று யாரேனும் சொல்ல முடியுமா? பிறருக்கு விளக்கப் புகுந்தவனே தான் படித்ததை உண்மையில் படித்தவனாகிறான்.

'தொண்டு சரி, அரசியல் எதற்கு?' என்பது இரண்டாவது. குழாய் வறண்ட தெருவுக்குக் குடத்திலே நீர் சுமந்து கொடுப்பது இரக்கம். அந்தக் குழாய் ஏன் வறண்டது, அடுத்த தெருக் குழாய் மட்டும் ஏன் வறளவில்லை என்று கேட்டு ஊராட்சிக்கு மனு எழுதுவது பொறுப்பு. கையும் வேண்டும், கேள்வியும் வேண்டும். கை மட்டும் இருந்தால் அது அடிமை. கேள்வி மட்டும் இருந்தால் அது வாய்ச்சொல். மாணவரை உழைக்கவிட்டு, அரசும் ஊராட்சியும் தம் கடமையிலிருந்து நழுவுவதற்கும் நாம் உடன்படோம். பள்ளிக் கழிவறையைத் தூய்மை செய்ய, முறையான ஊதியமும் கருவியும் கையுறையும் பெறும் பணியாளரை அமர்த்தியாக வேண்டும். அது பிள்ளைகளின் வேலையன்று. எந்தச் சாதிப் பிள்ளையின் வேலையும் அன்று.

அவ்வாறாயின் அவர்கள் வேலை எது? எடுத்துக்காட்டாக ஒன்றை எடுத்துக்கொள்வோம். டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசு, தேங்கிய நன்னீரில் வளர்வது. உடைந்த பானை, தேங்காய்ச் சிரட்டை, பழைய டயர், மூடாத தொட்டி, குளிர்பதனப் பெட்டியின் பின்தட்டு ஆகியவையே அதன் தொட்டில்கள். முட்டை கொசுவாகி எழ ஏறத்தாழ ஒரு வாரம் முதல் பத்து நாள். ஆகவே வாரம் ஒரு முறை நீரைக் கொட்டி, முட்டை ஒட்டியிருக்கும் உட்சுவரைத் தேய்த்துக் கழுவினால், ஒரு தலைமுறைக் கொசு பிறவாமலே போகும். வாரம் ஒரு மணி நேரம், மாணவர் பத்துப் பேர், ஒரு தெரு. 2019-இல் மழை வேண்டிக் கோயில்களில் யாகம் நடத்த அறநிலையத்துறை சுற்றறிக்கை விட்டது. அந்த யாகப் புகையால் ஒரு துளி மழை வந்ததென்று மெய்ப்பிப்பார் இல்லை. ஒரு சிரட்டை நீரைக் கொட்டினால் எத்தனை கொசு குறையும் என்பதையோ ஒன்பதாம் வகுப்பு மாணவனே எண்ணிக் காட்டுவான். அறிவியல் பாடம் தெருவுக்கு வருவது இவ்வாறுதான்! மேலும், அந்தக் கொசு ஊரில் பிறந்தாலும் சேரியில் பிறந்தாலும் சாதி பார்த்துக் கடிப்பதில்லை. ஒரு தெருவை விட்டுவிட்டால் எல்லாத் தெருவும் கெடும். எல்லை தாண்டாத தொண்டு பயன் தராது என்பதைக் கொசுவே கற்பிக்கிறது. மனுவின் பேரர்கள் கற்றுக்கொள்ளட்டும்.

இவ்வாறே முதியோர் உதவித்தொகைக்கு விண்ணப்பம் எழுதித் தரலாம். பாம்பு கடித்தவரை மந்திரிப்பவனிடம் இழுத்துச் செல்லாமல் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல ஊரைப் பழக்கலாம். எதைச் செய்தாலும் மூன்று விதிகளைக் கைவிடலாகாது. ஒவ்வொரு குழுவிலும் எல்லாத் தெருப் பிள்ளைகளும் இருக்க வேண்டும். பெருக்குவதும் பரிமாறுவதும் ஆண், பெண் பாராமல், வருகை எண் வரிசைப்படி சுற்றி வர வேண்டும். பணி முடிந்ததும் அனைவரும் ஒரே பந்தியில், பணி நடந்த தெருவிலேயே, அமர்ந்து உண்ண வேண்டும்.

இதற்கு அரசாணை வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை, ஆசிரியத் தோழர்களே! ஒரு தாளும் ஓர் எழுதுகோலும் போதும். வருகின்ற திங்கட்கிழமை உங்கள் வகுப்புக்கு முறைப்பட்டியல் எழுதுங்கள். துடைப்பம் பிடிப்போர் வரிசையில் முதற்பெயராக உங்கள் பெயரையே எழுதுங்கள்!