பெயர் இருக்கிறது, குரல் வரவில்லை

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த மண்சரிவுகளில் கண்டி மாவட்டத்தின் பல குடும்பங்கள் வீட்டையும் பயிர் நிலத்தையும் இழந்தன. மாற்றுக் காணி எங்கே, எவ்வளவு என்பது அக்குடும்பங்களோடு பேசித் தீர்மானிக்க வேண்டிய விடயம். அந்தப் பேச்சை சூம் வழியாக நடத்தினால் பஸ் கூலியும் ஒரு நாள் சம்பளமும் மிச்சமாகும் என்பது உண்மையே. ஆனால், திரையில் பெயர் தெரிந்தவர் அனைவரும் பங்குபற்றினர் என்று அறிக்கை எழுதுவதை ஏற்க முடியாது.

நமது மலைப்பகுதிகளில் கோபுரம் ஒரு சரிவிலும் வீடு மறு சரிவிலும் இருக்கும். நடுவில் நிற்கும் மலை அலையை மறைத்துவிடும். 2021இல் பதுளை மாவட்டத்தின் போஹிதியாவ கிராமப் பிள்ளைகள் இணையப் பாடத்துக்காக மலை உச்சிக்கு ஏறியதை உலகமே செய்தியாகப் படித்தது. அதே நிலையில் உள்ள ஒரு தாய் காணிக் கூட்டத்தில் என்ன செய்வார்?

பேச்சு சிறுசிறு துண்டுகளாகவே இணையத்தில் பயணிக்கிறது. சில துண்டுகள் தொலைந்தால் சொல் அறுபடும்; சில பிந்தி வந்தால் குரல் இழுபடும். ஒருவர் பேசியது மற்றவரைச் சேர 150 மில்லிசெக்கனுக்கு மேல் ஆகாதிருப்பது நல்லது என்கிறது சர்வதேச தொலைத்தொடர்பு ஒன்றியம். தாமதம் அதைவிட மிகவும் கூடினால், நம்மவர் வாய் திறக்குமுன் அதிகாரி அடுத்த விடயத்துக்குப் போய்விடுவார். பிறகு, மௌனம் சம்மதம் என்று பதிவாகும்!

இதைக் கண்காணிக்க வழி இல்லாமல் இல்லை. ஜிட்சி என்ற இலவசச் செயலியில் ஒவ்வொருவரின் தொடர்புத் தரத்தையும் சிறு கோடுகள் காட்டும். சூமின் சில கட்டணக் கணக்குகளில், ஒவ்வொருவருக்கும் எவ்வளவு தாமதம், எவ்வளவு இழப்பு என்பதை நிர்வகிப்பவர் பார்க்கலாம். பார்ப்பதற்கென்றே ஒருவரை நியமிக்க வேண்டும். தலைமை தாங்குபவரால் இரண்டையும் செய்ய இயலாது. கோடுகளை மட்டும் நம்பவும் கூடாது. ஒரு போனைச் சுற்றி ஆறு பேர் அமர்ந்தால் பின்னால் இருக்கும் முதியவருக்கு என்ன கேட்கும்? பெந்தகொஸ்தே நாளின் அதிசயத்திலும், கேட்டவர் ஒவ்வொருவரும் தம் மொழியில் விளங்கிக்கொண்டதே பெரிது. ஆகவே இடையிடையே பெயர் சொல்லி அழைத்து, "இப்போது என்ன தீர்மானித்தோம்?" என்று கேட்க வேண்டும், தமிழில்.

தொடர்பு தளர்ந்தால் படத்தை நிறுத்துங்கள். தெளிவான படத்துக்குத் தேவைப்படுவதில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு குரலுக்குப் போதும், டேட்டாவும் மிஞ்சும். அதுவும் முடியாவிட்டால் சாதாரண அழைப்பு எடுத்து, அந்தப் போனை ஒலிவாங்கி அருகே வைக்கலாம்.

யார், எத்தனை மணிக்கு, எந்த விடயத்தின்போது அறுபட்டார் என்பது கூட்ட அறிக்கையில் எழுதப்பட வேண்டும். அவர் இல்லாத நேரத்தில் எடுத்த தீர்மானம் மறுபடி அவர் முன் வைக்கப்பட வேண்டும். உங்களில் யாருக்காவது இவ்வாறு நேர்ந்தால், அன்றைக்கே திகதியும் நேரமும் குறித்து, கிராம உத்தியோகத்தரிடம் எழுத்தில் கொடுங்கள். ஒரு பிரதியில் கையொப்பம் வாங்கி வீட்டில் வையுங்கள்.