ஜவ்வு நழுவிடுச்சாம்!

"ஜவ்வு நழுவிடுச்சு சார், ஆபரேஷன்தான் வழியாம்." போன மாதம் மட்டும் மூன்று பென்ஷன்தாரர்கள் ஸ்கேன் கவரோடு என் வீட்டுக்கு வந்து இதே வசனத்தைச் சொன்னார்கள். முப்பத்தைந்து வருஷம் குமாஸ்தாவாக நாற்காலியைத் தேய்த்தவன் நான். முதுகைப் பற்றிப் பேச எனக்கும் கொஞ்சம் பாத்தியதை உண்டு.

முதலில் அந்த வார்த்தையே தப்பு. வட்டு எங்கேயும் நழுவுவதில்லை. அதன் வெளி வளையம் கிழிந்து, உள்ளே இருக்கும் கூழ் பிதுங்கி நரம்பை உறுத்துகிறது. நான் பள்ளியில் படித்த பிரெஞ்சில் இதற்கு 'எர்னி திஸ்கால்' என்று பெயர். குடலிறக்கத்துக்கும் அதே 'எர்னி'தான். பிதுக்கம், அவ்வளவே.

பிதுங்கிய கூழை உடம்பே மெல்ல மெல்லக் கரைத்துக்கொள்ளும். ஆறு முதல் பன்னிரண்டு வாரத்தில் பெரும்பாலோருக்குக் கால்வலி தணிகிறது. 2007-ல் வெளிவந்த ஹாலந்து ஆய்வில், சீக்கிரம் கத்தி வைத்தவர்களுக்கு வலி வேகமாகப் போயிற்று. ஒரு வருஷம் கழித்துப் பார்த்தால் காத்திருந்தவர்களும் அதே நிலை. காத்திருந்தவர்களில் பத்துக்கு நாலு பேர் நடுவில் ஆபரேஷனுக்குப் போனார்கள், அதையும் மறைக்கக்கூடாது. மிச்சம் ஆறு பேர் தப்பினார்களே!

ஸ்கேனைப் பார்த்து மிரளுகிறீர்களா? 1994-ல் அமெரிக்காவில் முதுகுவலியே இல்லாத 98 பேருக்கு எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். மூன்றில் இரண்டு பேருக்கு வட்டில் ஏதோ ஒரு கோளாறு தெரிந்தது. நரைமுடி மாதிரிதான் இதுவும்.

எனக்கு அறுபத்தாறு வயதில் வந்தது. இடுப்பிலிருந்து பெருவிரல் வரை சுரீரென்று இழுக்கும். ஒரு தனியார் மருத்துவமனையில் தேதியே குறித்துவிட்டார்கள். என் மனைவி, "கொஞ்சம் பொறுங்க" என்றாள். பொறுத்தேன், ஆனால் முட்டாள்தனமாகப் பொறுத்தேன். யாரோ சொன்னதைக் கேட்டுப் பதினெட்டு நாள் பலகையில் மல்லாந்து கிடந்ததில், எழுந்தால் தொடை நடுங்கியது. பிசியோதெரபி பெண்தான் அதட்டினாள்: "ஐயா, படுத்தா கெட்டீங்க, எழுந்து நடங்க." குப்புறப் படுத்துக் கையூன்றி மார்பைத் தூக்கும் பயிற்சி, மாலை ஆறு மணிக்குமேல் வண்டிகள் நின்றதும் பீச் ரோட்டில் பத்து நிமிஷ நடை, அப்புறம் இருபது. வலி பாதத்திலிருந்து கெண்டைக்கால், பிறகு பிட்டம் என்று மேலே ஏறியபோது பயந்தேன். அது நல்ல அறிகுறியாம். பத்தாவது வாரம் தானே செருப்பு மாட்டினேன்.

எடை கட்டி இழுப்பதால் பெரிய பலன் இருப்பதாக ஆய்வுகள் சொல்லவில்லை. முதுகில் போடும் ஸ்டீராய்டு ஊசி சில வாரம் வலியைக் குறைக்கும். பெல்ட்டை ஆயுசுக்கும் கட்டாதீர்கள்.

ஆனால் சிறுநீர் அடைத்துக்கொண்டாலோ, உட்காரும் இடம் மரத்துப்போனாலோ, பாதம் தூக்க வராமல் தொங்கினாலோ, அன்றைக்கே ஆஸ்பத்திரி. என்னோடு வேலை பார்த்த ஒருவர் பாதம் தொங்கியும் மூன்று மாதம் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். இன்றும் காலை இழுத்துத்தான் நடக்கிறார்.

வந்த மூவரில் ஒருவருக்குக் கட்டைவிரல் மேலே எழும்பவில்லை. அன்று மாலையே ஆட்டோவில் ஏற்றி ஜெனரல் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். மற்ற இருவரும் இப்போது என்னோடு பீச்சுக்கு வருகிறார்கள், வழியெல்லாம் புலம்பிக்கொண்டே.