கிட்டக் கூட்டிட்டுப் போகாத வழிகாட்டி

மாட்டுப்பொங்கல் முடிஞ்ச மறுவாரம் பரம்பிக்குளம் போய்ட்டு வந்தோமுங்க. சென்னையில ஐ.டி. வேலையில இருக்கற என் அக்கா பையன், அவன்கூட வேலை பாக்கற மூணு பேர், அப்புறம் நான். "மாமா, ஒரு நாளைக்குத் தோட்டத்தை அத்தை பாத்துக்குவாங்க, வாங்க"ன்னு இழுத்துட்டுப் போய்ட்டான்.

எனக்கும் போக ஒரு காரணம் இருந்துச்சு. எங்க வாய்க்கால்ல வர்ற பி.ஏ.பி. தண்ணி அந்த மலையில இருந்துதான் இறங்குது. அணை இருக்கறது கேரளாவுல, பராமரிக்கறது தமிழ்நாடு. எங்க பாசனத்தை நாலு மண்டலமாப் பிரிச்சு முறை வச்சு விடறதால, ரெண்டு வருசத்துக்கு ஒருக்காத்தான் எங்களுக்குத் தண்ணி. இத்தனை வருசம் அந்தத் தண்ணியில பொழைச்சவன், அது வர்ற காட்டை ஒரு தடவை கூடப் பாத்ததில்லை.

டாப்சிலிப் தாண்டி உள்ள போனா, கரியன்சோலைன்னு பசுமைமாறாக் காடு. காலையில எட்டு மணிக்கும் சாயங்காலம் மாதிரி இருட்டு. எங்களுக்கு வழிகாட்டியா வந்தவர் காடர் சமூகத்து ஆளு, நாப்பது வயசு இருக்கும். தமிழும் மலையாளமும் கலந்த பேச்சு. என்னை அண்ணாங்கிறார், பசங்களை சார்ங்கிறார்.

முதல் ஒரு மணி நேரம் பசங்களுக்கு ஒண்ணுமே தெரியலை. "டைகர் இருக்குமா, ஆனை வருமா"ன்னு கேட்டுட்டே வந்தானுங்க. 2010-ல புலிகள் காப்பகமா அறிவிச்ச இடம், புலி இருக்கத்தான் செய்யுது. ஆனா நாம போற நேரத்துக்கு வந்து நிக்கறதுக்கு அது என்ன டவுன் பஸ்ஸா?

மழைக்காட்டைப் பாதி காதாலதான் பாக்கணும்னு எனக்கு அங்கதான் புரிஞ்சுது. கருமந்தி ஒண்ணு தூரத்துல ஊ ஊன்னு கத்துச்சு. வழிகாட்டி கையைத் தூக்கி எல்லாரையும் நிறுத்தினார். "அது நம்மளப் பாத்துக் கத்தலைங்க சார், அந்தப் பக்கம் கீழ வேற என்னமோ போகுது" அப்படின்னார். அப்புறம் கிளையில இருந்து தொங்கின ஒரு வாலைக் காட்டினார். மலையணில். நான் அதைக் காஞ்ச கொடின்னு நினைச்சுத் தாண்டிப் போயிருப்பேன். வழியில கிடந்த மரநாய் எச்சத்தைக் குச்சியால உடைச்சு, உள்ள இருந்த பழ விதைகளைக் காட்டினார். பசங்க மூக்கைப் பொத்தினானுங்க. விதை எப்படிப் பரவுதுன்னு பாத்த எனக்கு அது பெரிய விசயமாத் தெரிஞ்சுது.

அப்புறம்தான் இருவாச்சி. முதல்ல சத்தம்தான். பழைய கரி ரயில் மூச்சு விடற மாதிரி ரெக்கைச் சத்தம் தலைக்கு மேல போச்சு. பெரிய அலகு, அதுக்கு மேல மஞ்சள் கொண்டை. வாயில பழத்தோட போச்சு. "கூட்டுக்குப் போகுது"ன்னார் வழிகாட்டி.

பொட்டை இருவாச்சி மரப்பொந்துக்குள்ள போய், தன் எச்சத்தாலயே வாசலை அடைச்சுக்குமாம். அலகு நுழையற அளவுக்கு ஒரு கீறல்தான் மிச்சம். மூணு, நாலு மாசம் உள்ளயேதான் கிடக்கும், ரெக்கை இறகும் உதிர்ந்துடும். அதுக்கும் குஞ்சுக்கும் வேண்டியதை எல்லாம் சேவல்தான் கொண்டு வந்து ஊட்டணும்.

இதைக் கேட்டதும் பசங்களுக்கு ஆசை வந்துடுச்சு. ஒருத்தன்கிட்ட முழங்கை நீளத்துக்குக் கேமரா. "கூடு எங்கன்னு தெரியும்ல? கூட்டிட்டுப் போங்க"ன்னு ஐநூறு ரூபாயை நீட்டினான். வழிகாட்டி வாங்கலை. "கீழ ஆள் நின்னா சேவல் கிட்ட வராதுங்க சார். நாம போற வரைக்கும் உள்ள இருக்கறது பசியில கிடக்கும்." ஆயிரம் ஆச்சு. அதுக்கும் தலையை மட்டும் ஆட்டினார், நடக்க ஆரம்பிச்சுட்டார்.

பொய் சொல்லக் கூடாது, எனக்கும் பாக்கணும்னுதான் இருந்துச்சு. ஆனா எங்க வீட்டுல அடைக்கோழி உக்காந்திருந்தா, குழந்தைகளை அந்தப் பக்கமே அம்மா விடமாட்டாங்க. அது ஞாபகம் வந்ததும் வாயை மூடிட்டேன்.

திரும்பி வந்ததும் கேமராக்காரன் போன்ல மூணு நட்சத்திரம் போட்டான். "கைடு ஒத்துழைக்கலை"ன்னு எழுதினானாம். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. நம்ம காசுக்கு அந்த மனுசன் நல்லாவே வேலை செஞ்சார். அவர் "முடியாது"ன்னு சொன்னதும் அந்த வேலையில சேர்ந்ததுதான். வந்தவங்க கேட்டதை எல்லாம் காட்டற வழிகாட்டிதான் நல்லவர்னு நாம நட்சத்திரம் போட்டுட்டே போனா, நாளைக்கு அந்த மரத்தடியில ஒரு நாளைக்குப் பத்துக் கூட்டம் நிக்கும். ஆயிரம் ரூபாயை வேண்டாங்கறது, தினக்கூலி கணக்குல வாழற ஒருத்தருக்குச் சாதாரண விசயம் இல்லீங்க. அதை நட்சத்திரத்தால தண்டிக்கறது என்ன நியாயம்?

மிருகம் பாத்தே ஆகணும்னா எங்க ஊருக்கு வாங்க. சோளத்துக்குள்ள காட்டுப்பன்னி, தக்காளி நாத்துல மயில், டிக்கெட் கிடையாது. இதை அந்த வழிகாட்டிகிட்டச் சொன்னேன். சிரிச்சுட்டு, "எங்க பக்கமும் அதே கதைதாண்ணா"ன்னார். அதுக்கப்புறம் ரெண்டு பேரும் பன்னியைப் பத்தித்தான் பேசிட்டே இறங்கினோம்.

மாப்பிள்ளை மட்டும் ராத்திரி போன் பண்ணினான். அவன் நண்பனோட சண்டையாம், அஞ்சு நட்சத்திரம் இவன் தனியாப் போட்டிருக்கான். மே மாசம் குஞ்சு வெளிய வர்ற நேரத்துக்கு மறுபடி போலாமான்னு கேட்டான். எங்க மண்டலத்துக்குத் தண்ணி விடற தேதி தெரியட்டும், சொல்றேன்னிருக்கேன்.