நாவிக்கை அரைகுறையாக விடக்கூடாது

பனமலை தாளகிரீஸ்வரர் கோயிலுக்கு வழி தேடிச் செல்பேசியைத் திறப்பவருக்கு அமெரிக்காவின் ஜிபிஎஸ், ரஷ்யாவின் குளோனாஸ், ஐரோப்பாவின் கலிலியோ, சீனாவின் பெய்டூ எல்லாம் சேர்ந்தே வழிகாட்டுகின்றன. நம் நாட்டு நாவிக் அந்தக் கூட்டத்தில் உண்டா என்பது அவர் வாங்கிய போனின் சிப்பைப் பொறுத்தது. இந்த நிலை மாற வேண்டும்.

இத்தனை அமைப்புகளும் ஒன்றையொன்று கெடுக்காமல் இயங்குவது தானாக அமைந்ததல்ல. கலிலியோவுக்குத் திட்டமிட்டிருந்த சமிக்ஞை தன் ராணுவ அலைகளின் மேல் படரும் என்று அமெரிக்கா எதிர்த்தது. நெடுநாள் பேசி 2004 ஜூனில்தான் உடன்பாடு வந்தது. இன்று ஜிபிஎஸ், கலிலியோ, பெய்டூ மூன்றும் எல்1 பட்டையின் 1575.42 மெகாஹெர்ட்ஸைப் பகிர்ந்துகொள்கின்றன. செயற்கைக்கோள் ஒவ்வொன்றுக்கும் தனிக் குறியீடு இருப்பதால் கருவி குழம்புவதில்லை. எல்5, எஸ் பட்டைகளில் மட்டும் இருந்த நாவிக், 2023 மே 29 அன்று ஏவப்பட்ட என்விஎஸ்-01 மூலம் அங்கே சேர்ந்தது. சரியான முடிவு அது.

ஆனால் எல்லோரும் ஒரே அலைவரிசையில் கூடுவதில் ஆபத்தும் இருக்கிறது. பல்லாயிரம் கிலோமீட்டர் கடந்து வரும் இந்த அலைகள் தரையைத் தொடும்போது இயற்கை இரைச்சலைவிட மெலிந்திருக்கும். கைக்கு அடக்கமான தடுப்புக் கருவி ஒன்றே அருகிலுள்ள அத்தனை சமிக்ஞைகளையும் அமுக்கிவிடும். போலிச் சமிக்ஞை அதைவிடக் கொடியது. சந்தேகமே எழாமல் தவறான இடத்தைக் காட்டும். 2023 நவம்பர் முதல் 2025 பிப்ரவரி வரை விமானங்களுக்கு 465 குறுக்கீடுகள், பெரும்பாலும் எல்லையோர அமிர்தசரஸ், ஜம்மு பகுதிகளில் பதிவானதாக அரசே நாடாளுமன்றத்தில் சொன்னது. 2025 நவம்பரில் டெல்லி விமான நிலையத்திலும் போலிச் சமிக்ஞை நுழைந்தது. தரையிலுள்ள பழைய வழிகாட்டுக் கருவிகளை நம்பிய ஓடுபாதைகளுக்குப் பாதிப்பில்லை. அந்தக் கருவிகளைப் பழசு என்று கழற்றிவிடக் கூடாது.

ஆகவே ஒரு பட்டை அடைபட்டால் மறு பட்டை கைகொடுக்க வேண்டும். இந்தியாவில் விற்கும் ஒவ்வொரு போனும், மீன்பிடிப் படகுகளுக்கு அரசு வாங்கித் தரும் ஒவ்வொரு கருவியும் எல்1, எல்5 இரண்டிலும் நாவிக்கைப் பெறுவதைச் சட்டம் கட்டாயமாக்கட்டும். கரையே தெரியாத தூரத்தில் திசை தவறினால் மரக்காணம் மீனவருக்கு வழி கேட்க ஆளில்லை.

கருவி இருந்து என்ன பயன், வானில் செயற்கைக்கோள் இல்லையென்றால்? ஏவிய 11-இல் இடங்காட்டும் சேவை தருபவை நான்கே என்று 2025 ஜூலையில் அரசு ஒப்புக்கொண்டது. இடத்தைக் கணக்கிடக் குறைந்தபட்சம் நான்கு வேண்டும். அந்த நிலையில் ஒன்று பழுதானாலும் சேவை முடங்கும். எண்ணிக்கை இப்படிச் சுருங்கியதற்கு அணுக் கடிகாரங்கள் பழுதானது ஒரு காரணம். 2025 ஜனவரியில் சென்ற என்விஎஸ்-02 வால்வு திறக்காததால் உரிய சுற்றுப்பாதையை எட்டவில்லை. அடுத்த செயற்கைக்கோள்களுக்குத் தேதி குறித்து, பணம் ஒதுக்கி, இஸ்ரோவின் முதல் வேலையாக அரசு அவற்றை வைக்க வேண்டும்.

குறுக்கீடு பதிவான விமான நிலையங்களின் பட்டியலில் சென்னையும் இருக்கிறது. டெல்லியில் போலிச் சமிக்ஞை எங்கிருந்து வந்தது என்று தேடும் பொறுப்பு வயர்லெஸ் கண்காணிப்பு அமைப்பிடம் தரப்பட்டது. அது கண்டறிந்ததை அரசு நாடாளுமன்றத்தில் வைக்கட்டும். சென்னையில் என்ன நடந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லட்டும்.